அம்மாவுக்கு முழங்கால் வலி, பார்க்க ஆசை கோமோ ஏரி: மே மாசப் பயணத்துக்கு யோசனை சொல்லுங்க

வடபழனிவாசி | ஜனவரி 9, இரவு 9.40

வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன்.

மே மாசம் பையனோட ஸ்கூல் லீவுல இத்தாலி போகலாம்னு இருக்கோம். நான், மனைவி, ஒன்பது வயசுப் பையன், எங்க அம்மா. இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். அரசுப் பள்ளியில 31 வருஷம் புவியியல் எடுத்தவங்க. பனியாறு மலையை எப்படிச் செதுக்கும், பள்ளத்தாக்கு ஏன் அகலமாகும்னு கரும்பலகையில கலர் சாக்பீஸால படம் போட்டு எத்தனையோ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க. அப்படி ஒரு இடத்தை நேர்ல பார்த்ததே இல்ல. எங்க போகலாம்னு கேட்டப்போ ரோமும் சொல்லல, வெனிஸும் சொல்லல. "ஒய் எழுத்தைத் தலைகீழாப் போட்ட மாதிரி ஒரு ஏரி, கோமோன்னு பேரு, அட்லஸ்ல காட்டியிருக்கேன். அதைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு, போதும்"னாங்க.

பிரச்சினை அவங்க முழங்கால். சமதளத்துல மெதுவா அரை மணி நேரம் நடப்பாங்க. படிதான் ஆகாது, அதுலயும் ஏறுறதைவிட இறங்குறது கஷ்டம்.

நான் போட்டு வச்சிருக்கிற திட்டம் 9 ராத்திரி. மிலான்ல 4, அங்கிருந்து ஒரு நாள் கோமோ, ஒரு நாள் கார்டா ஏரி. அப்புறம் வெனிஸ் 2, ஃப்ளோரன்ஸ் 1, ரோம் 2. கார் எடுக்கலாமா, ரயிலே போதுமா? நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எங்க தப்பு இருந்தாலும் தயங்காம சொல்லுங்க.

மிலானோ_கோவை | ஜனவரி 9, இரவு 11.55

மிலானுக்கு வந்து பதினோரு வருசமாச்சுங்க. ஊர்ல இருந்து யார் வந்தாலும் கோமோவுக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான். அந்த உரிமையில சொல்றேன்: ஒரு நாள்ல போயிட்டு வர்ற திட்டத்தை விட்டுருங்க.

மிலான்ல இருந்து கோமோ ஊருக்கு ரயில்ல 40 நிமிசம்தான். ஆனா அந்த ஊர் இருக்கறது ஏரியோட தென்மேற்குக் கால் நுனியில. அங்க கரையில நின்னா ஒரு குடா மாதிரி கொஞ்சம் தண்ணி தெரியும், அதுக்கப்புறம் ஏரி வளைஞ்சு மலைக்குப் பின்னால போயிரும். உங்கம்மா கேட்ட, கிளை பிரியற இடம் நடு ஏரியில, பெல்லாஜியோ முனையில இருக்கு. அங்க போக மெதுவான படகுல ரெண்டு மணி நேரம் ஆகும். வேகப்படகு சீக்கிரம் போயிரும், ஆனா மே மாசம் அதுக்கு வரிசை நிக்கோணும். போய் இறங்கி, ஒரு வாய் சாப்பிட்டு, திரும்பறதுக்கு மறுபடியும் வரிசை.

எங்க மாமியாரை முதல் தடவை அப்படித்தான் கூட்டிட்டுப் போனோம். அவங்களுக்கும் முழங்கால்தான். சாயந்திரம் வீட்டுக்கு வந்து ஏரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, காலைப் பிடிச்சுட்டே உக்காந்திருந்தாங்க. எனக்கு மனசே ஆறல. அடுத்த வருசம் நடு ஏரியில நாலு நாள் தங்க வச்சோம். இன்னிக்கும் போன்ல "அந்த ஏரியில இப்ப என்ன பூ பூத்திருக்கும்"னு கேக்கறாங்க.

ரோமையும் ஃப்ளோரன்ஸையும் இன்னொரு பயணத்துக்கு வைங்க. ஏரியில அஞ்சு ராத்திரி தங்குங்க. கார் வேண்டவே வேண்டாம். மேற்குக் கரை ரோடு பல இடத்துல எதிர்ல ஒரு பஸ் வந்தா ஒதுங்க இடமில்லாத ரோடு, பார்க்கிங் கிடைக்காது. அங்க படகுதான் பஸ்.

சூரிச்_கரை | ஜனவரி 10, காலை 6.20

தம்பி, நான் சூரிச்சில இருக்கிறன். கோமோவுக்கும் கார்டாவுக்கும் எத்தினையோ தரம் போய் வந்தனான். அம்மாவுக்கு எண்டு சொல்லுறியள், நல்ல விசயம். ஆனா ஒன்பது வயசுப் பிள்ளையை ஒருத்தரும் யோசிக்கேல்லயே?

இத்தாலியில ஆகப் பெரிய ஏரி கார்டாதான், 370 சதுர கிலோமீற்றருக்குக் கிட்ட. தெற்குக் கரை பெரும்பாலும் தட்டை. தெசென்சானோ, பெஸ்கியேரா ரெண்டு ஸ்டேசனும் மிலானில இருந்து வெனிசுக்குப் போற பாதையிலயே இருக்கு. எப்பிடியும் வெனிஸ் போறியள்தானே. சிர்மியோனேயில தண்ணிக்க நிக்கிற கோட்டை, ரோமர் காலத்து மாளிகையின்ர இடிபாடு, எல்லாம் பாக்கலாம். மல்செசினேயில இருந்து மொந்தே பால்தோ மலைக்குப் போற கேபிள் கார் மேல போகேக்க தானும் சுத்தும், நாலு பக்கமும் தெரியும். பிள்ளைக்கு கார்டாலாண்ட் பூங்கா இருக்கு.

கோமோ வடிவில்லை எண்டு நான் சொல்லேல்ல. ஆனா அங்க ஊரெல்லாம் மலையில ஒட்டி வச்ச மாதிரி. படிதான். யோசிச்சுச் செய்யுங்கோ.

பாறை_சுத்தி | ஜனவரி 10, மதியம் 1.15

நிலவியல் படிச்சவன் நான், அதனால அம்மா பக்கம்தான் நிக்கிறேன்.

கார்டாவும் பனியாறு இருந்த ஏரிதான். அதோட தெற்குக் கரையைச் சுத்தியிருக்கிற குன்றுகளெல்லாம் பனியாறு இழுத்துட்டு வந்து கொட்டின மொரைன் மேடு. ஆனா ஒரு பனியாறு ரெண்டாப் பிரிஞ்ச இடத்தைக் கண்ணால பார்க்கணும்னா கோமோவுக்குத்தான் போகணும். வடக்கே அட்டா பள்ளத்தாக்கு வழியா இறங்கி வந்த பனி, பெல்லாஜியோவுக்குப் பின்னால இருக்கிற மலையில முட்டி, ஒரு நாக்கு கோமோ பக்கமும் இன்னொரு நாக்கு லெக்கோ பக்கமும் போச்சு. நடுவுல மிஞ்சி நிக்கிற முக்கோண மலைதான் ஒய் எழுத்தோட ரெண்டு காலுக்கும் இடைப்பட்ட நிலம்.

அம்மா வகுப்பெடுத்தப்ப புத்தகத்துல இல்லாத ஒரு விஷயம் சொல்றேன், அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க. ஏரியோட நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல 198 மீட்டர். ஆழமோ 400 மீட்டருக்கும் மேல. கணக்குப் போட்டா ஏரியோட அடித்தரை கடல்மட்டத்துக்கு 200 மீட்டர் கீழே கிடக்கு. இவ்வளவையும் பனியாறு மட்டுமா தோண்டிச்சுன்னு ஒரு கேள்வி உண்டு. சுமார் 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால மத்தியதரைக் கடல் பெரும்பகுதி வத்திப் போச்சு. கடல் கீழ இறங்கினதும் ஆல்ப்ஸ் ஆறுகள் எல்லாம் தங்கள் படுகையை ஆழமா அறுத்துக்கிட்டு இறங்கின. அந்த ஆத்துப் பள்ளத்துலதான் பின்னால பனியாறு வந்து படுத்து அகலப்படுத்திச்சுங்கிறது நிலவியலாளர்கள் பலர் ஏத்துக்கிட்ட விளக்கம். முதல்ல கத்தி, அப்புறம் இழைப்புளி.

இன்னொண்ணு. அட்டா ஆறு வடக்குல கோலிக்கோ பக்கத்துல ஏரிக்குள்ள நுழையுது, தெற்குல லெக்கோ வழியா வெளியேறுது. கோமோ பக்கக் காலுக்கு வடிகாலே கிடையாது, முட்டுச்சந்து. பெருமழை வந்தா கோமோ ஊர்ச் சதுக்கத்துல தண்ணி ஏறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கிழக்குக் கரையில இருக்கிற வரென்னா ஊருக்குத் தெற்கே ஃபியூமெலாத்தேன்னு ஒரு ஆறு இருக்கு. பேருக்குப் பாலாறுன்னு அர்த்தம். மொத்த நீளமே சுமார் 250 மீட்டர்தான். சுண்ணாம்புப் பாறைக்குள்ள இருந்து பீறிட்டு, நுரையா வெள்ளை வெளேர்னு ஓடி, நேரா ஏரியில விழும். குளிர்காலத்துல காய்ஞ்சு கிடக்கும், வசந்தத்துல ஓட ஆரம்பிக்கும். லியொனார்டோ டாவின்சி தன் குறிப்பேட்டுல இதை எழுதி வச்சிருக்கார். மே மாசம் ஓடும். கீழே ரோட்டுப் பாலத்துல நின்னே பார்க்கலாம், ஏற வேண்டாம்.

வடபழனிவாசி | ஜனவரி 10, இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. பாறை_சுத்தி எழுதினதை அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சேன். மத்தியதரைக் கடல் வத்தின இடம் வந்ததும் "நிறுத்து, நிறுத்து"ன்னு சொல்லி பேனா எடுத்துட்டு வந்து உக்காந்தாங்க. 198, 400, 250 எல்லாம் பழைய டைரியில ஏறியாச்சு. இழைப்புளி உவமையை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாங்க.

ரோம், ஃப்ளோரன்ஸ் ரெண்டையும் எடுத்துட்டேன். அண்ணே, நீங்க சொன்னதும் சரிதான், பையனை நான் மறந்தே போயிட்டேன். வெனிஸ் போற வழியில பெஸ்கியேராவுல ஒரு ராத்திரி அவனுக்காக வச்சிருக்கேன்.

இப்ப கேள்வி: வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ, மூணுல முழங்காலுக்கு ஏத்தது எது?

மிலானோ_கோவை | ஜனவரி 11, காலை 7.30

மூணையும் அவங்க காலை வச்சே சொல்றேனுங்க.

பெல்லாஜியோ போட்டோவுல பார்க்கற அந்த அழகான தெருவெல்லாம் படிக்கட்டுத் தெரு, உருண்டைக் கல் பதிச்சது. பகல் 11 மணியில இருந்து 4 மணி வரைக்கும் கூட்டம் நெரியும். தங்கறதுக்கு வேண்டாம், போய்ட்டு வாங்க. போனா படகுத்துறையில இருந்து தெற்கே கரையோரமாவே நடந்து வில்லா மெல்சி தோட்டத்துக்குப் போங்க, அங்க ஏரியை ஒட்டி நல்ல சமதளப் பாதை. வடக்குப் பக்கம் பத்து நிமிசம் நடந்தா புந்தா ஸ்பார்திவெந்தோ. காத்தைப் பிரிக்கற முனைன்னு அர்த்தம். அங்க நின்னா வடக்கே ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். அம்மாவை அங்க கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க.

வரென்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர். மிலானோ சென்ட்ராலேயில இருந்து ரயில் நேரா வரும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. வடக்கே போறப்ப இடது பக்கம் உக்காருங்க, லெக்கோ தாண்டினதும் ஏரி கூடவே வரும், நடுநடுவுல சுரங்கம். ஆனா ஊரே சரிவு. சதுக்கத்துல இருந்து கரைக்கு இறங்கற சந்தெல்லாம் படி.

மெனாஜியோவுல ரயில் கிடையாது. அது ஒண்ணுதான் குறை. கரையோரம் நீளமா, அகலமா, தட்டையான நடைபாதை, நிழல், பெஞ்சு எல்லாம் உண்டு. பையனுக்கு விளையாட இடம் உண்டு. வரென்னாவுல ரயில் இறங்கி கார் ஏத்தற பெரிய படகைப் புடிச்சா 15 நிமிசத்துல எதிர்க்கரை மெனாஜியோ. அந்தப் பெரிய படகை 'த்ரகெத்தோ'ம்பாங்க. பாலம் மாதிரி சாய்தளத்தை இறக்குவாங்க, கார் போற வழியிலயே நடந்து ஏறிக்கலாம், படி கிடையாது. முழங்காலுக்கு அதுதான் சரி. நடு ஏரியில இந்த நாலு ஊருக்கும், அதாவது வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ, கதனாபியா, இடையில அது நாள் பூரா சுத்திட்டே இருக்கும்.

இன்னொரு விசயம் யாரும் சொல்லமாட்டாங்க. மேற்குக் கரையில காலை வெயில், கிழக்குக் கரையில சாயந்திர வெயில். உங்கம்மா அஞ்சு மணிக்கே எந்திரிக்கறவங்கன்னா மெனாஜியோ எடுங்க. எதிர்க்கரையில க்ரிஞ்ஞா மலை 2,410 மீட்டர். அந்தக் கரை மலைங்களுக்குப் பின்னால இருந்து சூரியன் வர்றதைப் பார்த்துட்டே காபி குடிக்கலாம்.

திருச்சி_தென்றல் | ஜனவரி 11, மதியம் 12.10

அக்கா சொன்னதோட ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த ஏரிக்கரையில வீடு வாடகைக்கு எடுத்தா, "எத்தனை படி?"ன்னு எண்ணிக்கை கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. நாங்க எடுத்த வீட்டு விளம்பரத்துல "கரையிலிருந்து 3 நிமிட நடை"ன்னு இருந்தது. அந்த மூணு நிமிஷமும் படிதான். 87 படி. நான் எண்ணினேன், ஏன்னா ரெண்டு பெட்டியையும் ஒவ்வொண்ணா தூக்கிட்டு ஏறினது நான்தான். எங்க அப்பா நாலு நாளும் காலையில ஒரு தடவை இறங்கினா ராத்திரிதான் ஏறுவார், இடையில ஓய்வெடுக்க வீட்டுக்கு வர முடியாம கரை பெஞ்சுலயே தூங்கினார். இப்பவும் நினைச்சா வருத்தமா இருக்கு.

லிஃப்ட் இருக்கானு கேளுங்க, 'அஷென்சோரே'ன்னு சொன்னா புரியும். அங்க 'முதல் மாடி'ன்னா தரைத்தளத்துக்கு மேல ஒரு மாடி. தரைத்தளம் வேணும்னா 'பியானோ தெர்ரா'ன்னு கேட்கணும்.

விசா: ஷெங்கன் விண்ணப்பம் பயணத்துக்கு 6 மாசம் முன்னாலேயே போடலாம், கடைசி எல்லை 15 நாள். மேக்கு இப்பவே நேரம் எடுத்துடுங்க, லீவுக் காலத்துல இடம் கிடைக்காது. பெரியவங்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயசுக்குள்ள 45. காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பையனுக்குக் கைரேகை தேவையில்ல. தங்குமிடம் எல்லாம் ரத்து செய்யக்கூடியதா பதிவு பண்ணுங்க. அம்மாவோட பென்ஷன் வர்ற வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து வைங்க.

சைவக்கரண்டி | ஜனவரி 11, மாலை 5.45

சாப்பாட்டுக்கு நான் வர்றேன். நானும் முட்டை சேர்க்காதவள், வடக்கு இத்தாலியில மூணு முறை சுத்தியாச்சு.

முட்டை விஷயம் முதல்ல. கடையில பாக்கெட்டுல விக்கிற காய்ஞ்ச பாஸ்தா பெரும்பாலும் ரவையும் தண்ணியும்தான். உணவகத்துல "வீட்டில் செய்தது"ன்னு பெருமையா சொல்ற புது பாஸ்தாவுல முட்டை இருக்கும். "சென்சா ஊவா"ன்னா முட்டை இல்லாம. "சென்சா கார்னே, சென்சா பெஷே"ன்னா கறியும் மீனும் இல்லாம. ரிசோத்தோன்னு குழைவா ஒரு அரிசிச் சாப்பாடு, பார்க்க சைவம் மாதிரி இருக்கும், ஆனா கறி வேகவச்ச சாறுல செய்வாங்க, கேட்டே ஆகணும். பார்மிஜானோ, கிரானா பதானோ ரெண்டு சீஸும் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற உறைப்பொருள் சேர்த்துச் செய்யறது. அம்மா அது வேண்டாம்னா "சென்சா ஃபொர்மாஜ்ஜோ"ன்னு சொல்லிடுங்க.

மெனாஜியோவுல அடுப்படி இருக்கிற வீடா எடுங்க. அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கடையில கிடைக்கும். ஊர்ல இருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரசப்பொடி கொண்டு போங்க. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. பால் பொருள், கறி ரெண்டையும் வெளியில இருந்து ஐரோப்பாவுக்குள்ள கொண்டு போகக்கூடாதுங்கிறது சட்டம், விமான நிலையத்துல எடுத்துப் போட்டுடுவாங்க. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், வறுத்துப் பொடியாக்கிடுங்க.

சீஸ் சாப்பிடறவங்களுக்கு பிட்சொக்கேரின்னு ஒண்ணு உண்டு. பக்கத்துல வால்தெல்லினா பள்ளத்தாக்கு உணவு. பக்வீட் மாவுல செஞ்ச பட்டை பாஸ்தா, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பூண்டு தாளிச்ச வெண்ணெய். மழை நாள்ல சூடா வரும், கரண்டியை எடுத்தா சீஸ் நூல் நூலா இழுக்கும். மாவுல முட்டை சேர்க்கறாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

சூரிச்_கரை | ஜனவரி 11, இரவு 8.30

தங்கச்சி சைவத்தை நல்லாச் சொல்லிப்போட்டா. மச்சம் சாப்பிடுற ஆக்களும் இதை வாசிப்பினம்தானே, அவைக்கு நான் ஒண்டு சொல்லுறன். அந்த ஏரியில 'அகோனே' எண்டு ஒரு சின்ன மீன். உப்புப் போட்டு, கயித்தில கோத்து வெயிலில காயவிட்டு, பிறகு தகர டின்னுக்க பிரிஞ்சி இலையோட அடுக்கி மேல பாரம் வைச்சு அமத்துவினம். 'மிசொல்தீனி' எண்டு பேர். சுட்டு, வினாகிரி விட்டு, பொலெந்தா எண்ட சோளமாக் களியோட தருவினம். முதல் வாய் வைச்ச உடன எங்கட வீட்டு முத்தத்துக் கருவாட்டு வாசம் வந்திட்டுது. நான் பேசாமல் இருந்து சாப்பிட்டன்.

கார் வேண்டாம் எண்டு மிலான் தங்கச்சி சொன்னது சரி. இத்தாலியில பழைய நகர நடுவுக்குள்ள வெளியாக்களின்ர கார் போகக் கூடாத வலயம் இருக்கு, வாசலில கமெரா. எனக்குத் தெரியாமல் ஒருக்கா உள்ளுக்குப் போய் வந்திட்டன். மாசக்கணக்கால வீட்டுக்குத் தண்டம் வந்தது. வாடகைக் கார் எண்டால் கொம்பனியும் அதுக்கு மேல ஒரு காசு எடுக்கும். இந்தியா லைசென்ஸ் எண்டால் சர்வதேச அனுமதியும் வேணும்.

இயற்பியல்_தாத்தா | ஜனவரி 12, காலை 5.50

தம்பி, தாயாருக்காகத் திட்டமிடும் உங்கள் இழையை மகிழ்ச்சியோடு படித்தேன். நான் இயற்பியல் ஆசிரியனாக இருந்தவன். ஆசிரியர் என்றபடியால் அவருக்கு இவையும் பிடிக்கலாம்.

வரென்னாவில் ஏரியை ஒட்டி வில்லா மொனஸ்தேரோ என்றொரு பழைய மடமும் தோட்டமும் இருக்கின்றன. 1953 முதல் இத்தாலிய இயற்பியல் கழகம் அங்கே கோடைக்காலப் பள்ளி நடத்துகிறது. 1954 கோடையில் என்ரிக்கோ ஃபெர்மி அங்கே வந்து விரிவுரை ஆற்றினார். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். பள்ளி இன்று அவர் பெயரில் நடக்கிறது. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டா 1745இல் பிறந்தது கோமோ நகரில். கரையிலேயே அவருக்கு நினைவகம் உண்டு.

பெல்லாஜியோவின் மேட்டில் வில்லா செர்பெல்லோனி. 1959 முதல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் வசம் உள்ளது. 1969இல் அங்கே கூடிய வேளாண்மைக் கூட்டத்திலிருந்து தொடங்கிய பேச்சுதான் 1971இல் உலக வேளாண் ஆராய்ச்சி நிலையங்களை ஒன்றிணைத்த அமைப்பாக உருவானது. ஐ.ஆர். 8 அரிசியைத் தந்த பிலிப்பைன்ஸ் நிலையம் அதில் ஒன்று. நம் வயல்களில் விளைந்த நெல்லுக்கும் அந்த மேட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதைத் தாயாரிடம் சொல்லுங்கள்.

பயணத் தேதிக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகியவை இத்தாலியில் விடுமுறை நாட்கள். அவற்றை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் படகில் ஏற முடியாத கூட்டம் இருக்கும்.

மிலானோ_கோவை | ஜனவரி 12, காலை 9.00

ஐயா சொன்னதோட ரயில் ஸ்ட்ரைக்கும் சேர்த்துக்குங்க. 'ஷோபெரோ'ம்பாங்க, முன்கூட்டியே அறிவிப்பாங்க. வார நாள்ல காலை 6 முதல் 9 வரைக்கும், சாயந்திரம் 6 முதல் 9 வரைக்கும் உறுதியா ஓடற ரயில் பட்டியல் உண்டு. காகிதச் சீட்டு எடுத்தா நடைமேடை மெசின்ல முத்திரை குத்திட்டுத்தான் ஏறோணும்.

வில்லா கார்லோத்தா த்ரெமெத்சோவுல. ஒரு இளவரசி தன் மகள் கார்லோத்தாவுக்குக் கல்யாணச் சீரா கொடுத்த மாளிகை. ஏப்ரல் கடைசியில இருந்து அசேலியா பாதைக்கு ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி பூத்து நிக்கும். ரோடோடென்ட்ரானும் உண்டு, நம்ம நீலகிரி மேல சிவப்பா பூக்குமே, அதோட சொந்தக்காரங்க. வில்லா பால்பியனெல்லோவுக்கு லென்னோ கரையில இருந்து வாடகைப் படகுல போயிருங்க. நடந்து போற வழி மேடு. முன்பதிவு பண்ணிக்கோங்க, வழக்கமா திங்களும் புதனும் மூடியிருக்கும். அதைக் கடைசியா வச்சிருந்த மொன்சினோ, 1973ல எவரெஸ்ட் ஏறின இத்தாலியக் குழுவுக்குத் தலைவர். அவரோட பயணச் சாமானெல்லாம் உள்ள இருக்கு, பையன் ரசிப்பான். ஆனா உள்ள மாடிப்படி உண்டு, அம்மா தோட்டத்துலயே உக்காரட்டும்.

வடபழனிவாசி | ஜனவரி 14, இரவு 9.15

முடிவு பண்ணியாச்சு. மே நடுவுல போறோம். மிலான் 1, மெனாஜியோ 5, பெஸ்கியேரா 1, வெனிஸ் 2. மெனாஜியோவுல தரைத்தள வீடு, அடுப்படியோட. படி எத்தனைன்னு கேட்டேன், "வாசல்ல 2"ன்னு பதில் வந்தது, எழுத்துல. கார் கிடையாது. போயிட்டு வந்து எழுதுறேன்.

வடபழனிவாசி | ஜூன் 3, இரவு 10.30

போயிட்டு வந்தாச்சு. சொன்னபடி எழுதுறேன்.

அஞ்சு நாள்ல ரெண்டு நாள் மழை. மிலான்ல தங்கி ஒரே நாள் வந்திருந்தா அந்த ஒரு நாள் மழையிலயே போயிருக்கும். தங்கினதால மழையும் நல்லாயிருந்தது. மேகம் எதிர்மலைக்குப் பாதி உயரத்துல வந்து நின்னுக்கும், கீழே வரென்னா வீடுங்க மட்டும் மஞ்சளும் சிவப்புமா தெரியும். அம்மா ஜன்னல் ஓரம் உக்காந்து, "பாரு, சரிவு எங்க செங்குத்தாகுதுன்னு. அந்த உயரம் வரைக்கும் பனி இருந்திருக்கும்"னு பையனுக்குக் காட்டிட்டே இருந்தாங்க.

அவங்க நோட்டுல எழுதிட்டு வந்த இன்னொரு விஷயம் காத்து. காலையில வடக்கே இருந்து வர்ற காத்துக்கு திவானோன்னு பேரு, மத்தியானம் தெற்கே இருந்து வர்றது ப்ரேவா. காலைக் காபியோட ஒரு தடவை, சாப்பாடு முடிஞ்சதும் ஒரு தடவை கரைக்குப் போய் அலை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்பாங்க. வெயில் அடிச்ச மூணு நாளும் பாடப் புத்தகம் சொன்ன மாதிரியே திரும்பிச்சு. "மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று. 31 வருஷமா ரெண்டு மார்க் கேள்வி"ன்னாங்க.

ஃபியூமெலாத்தேவுக்கு வரென்னாவுல இருந்து ரோட்டோரமா போறது அவங்களால முடியாதுன்னு டாக்சி எடுத்தோம். பாலத்துல நின்னோம். தண்ணி நிஜமாவே பால் நிறம், சத்தத்துல பேசினது கேக்கல. அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுட்டு மேல பாறையையும் கீழ ஏரியையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "பிறக்கிற இடமும் சேர்ற இடமும் ஒரே பார்வையில. இதை வச்சு ஒரு வகுப்பு எடுத்திருக்கலாமே"ன்னாங்க.

புந்தா ஸ்பார்திவெந்தோவுக்குக் காலை 9 மணிக்கே போயிட்டோம், முனையில எங்களைத் தவிர ஒருத்தர் மட்டும் தூண்டில் போட்டுட்டு இருந்தார். அம்மா வடக்கே பார்த்து நின்னு, பையனை முன்னால நிறுத்தி, தன் ரெண்டு கையையும் அவன் தோளுக்கு மேல நீட்டி, மணிக்கட்டுல ஒண்ணா சேர்த்துப் பிடிச்சாங்க. "இது வர்ற பனி." அப்படியே அவனோட சேர்ந்து தெற்கே திரும்பி, சேர்த்த கையை ரெண்டு பக்கமும் மெதுவா விரிச்சாங்க. "இது பிரிஞ்ச பனி. நீதான் பெல்லாஜியோ." அவன் அசையாம நின்னான். என் மனைவி போட்டோ எடுக்க மறந்துட்டா, நானும் எடுக்கல.

மாத்திச் செய்யணும்னா ரெண்டு விஷயம். வரென்னா ஸ்டேஷன்ல இருந்து படகுத்துறைக்கு இறங்குற சரிவு பெட்டியோட கஷ்டம், டாக்சியை முன்னாலேயே சொல்லி வச்சிருக்கணும். வில்லா கார்லோத்தாவுல அசேலியா உதிர ஆரம்பிச்சிருந்தது, பத்து நாள் முன்னால போயிருந்தா முழுசா பார்த்திருக்கலாம். ரோடோடென்ட்ரான் மட்டும் இருந்தது, அம்மாவுக்கு அதுவே நிறைவு.

அண்ணே, கார்டாலாண்ட் பையனுக்குப் பிடிச்சது. அக்கா, உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க, கரை நடைபாதையில மல்லிகை பூத்திருந்தது.

மிலானோ_கோவை | ஜூன் 4, காலை 6.50

சொல்லிட்டேனுங்க. "எந்த மல்லி, நம்ம மல்லியா?"ன்னு கேக்கறாங்க. அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க.